நாலு குதிரை அதிகம்

கார் கம்பெனிகளுக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்துக் கம்பெனிக்காரன் தன் புது வண்டிக்கு நூற்றைம்பத்தெட்டு குதிரைத்திறன் என்று விளம்பரம் கொடுத்துவிட்டால் போதும், இவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. தங்களுக்கு நூற்றைம்பத்தொன்பது வேண்டும். அவன் நூற்றறுபது என்றால் இவன் நூற்றறுபத்தொன்று. அத்தனை குதிரையையும் பூட்டிக்கொண்டு கிளம்பிய வண்டி அடுத்த சிக்னலில் ஒரு சைக்கிளுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விடும் என்பதைப் பற்றியெல்லாம் யாருக்கும் கவலை கிடையாது.

இந்தக் கதையில் வருகிறவளுக்கு அந்தக் குதிரைகளை எண்ணுகிற வேலை. கம்பெனியில் அவளுக்குப் பெயரே குதிரைக்காரி. தொழிற்சாலையின் பின்பக்கம் இரட்டைச் சுவர் எழுப்பிய ஒரு டெஸ்ட் ரூம் இருந்தது. அதற்குள் எஞ்சினை மட்டும் தனியாக ஒரு இரும்பு மேடையில் முடுக்கி, ஒரு பெரிய பிரேக் எந்திரத்தோடு பிணைத்துவிடுவார்கள். எஞ்சின் சுற்றப் பார்க்கும், பிரேக் விடாமல் பிடிக்கும். அந்த மல்லுக்கட்டில் எஞ்சினுக்கு எவ்வளவு தெம்பு என்று தெரிந்துபோகும். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம், காதை மூடிக்கொண்டு, குதிரைக்காரி உட்கார்ந்திருப்பாள். பதினெட்டு வருஷமாக அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு எஞ்சினின் எண்ணும் வெளியே போனதில்லை. அவள் போட்டபிறகு அதை யாரும் திருப்பி எண்ணிப் பார்த்ததும் இல்லை. சம்பளம் சுமார்தான், பதவியும் பெரிதில்லை. அந்தக் கையெழுத்து ஒன்றுதான் தன் சொத்து என்று அவளே சொல்லிக்கொள்வாள், கொஞ்சம் கர்வமாகவே.

அவள் கணவன் அதே கம்பெனியில் டெஸ்ட் டிரைவர். கிளட்சிலும் பிரேக்கிலும் அவன் கால் வைப்பதே தெரியாது, அதனால் பஞ்சுக்கால் என்று பட்டம் கட்டினார்கள். கூப்பிடுகிற அவசரத்தில் அது பஞ்சு ஆகிவிட்டது. அவர்கள் சங்கதி ஒரு கீறலில் ஆரம்பித்தது. இருவரும் வேலைக்குச் சேர்ந்த புதிது. டெஸ்ட் வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் ஓடுகிற ஒயர்களைப் பார்க்க அவள் கையை விட்டாள். ஒயர்களைக் கட்டியிருந்த கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டையின் வெட்டு முனை பிளேடு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. கட்டியவன் பஞ்சு. பதறிப்போய்க் கைக்குட்டையைச் சுற்றிவிட்டு, ஓடிப்போய் ஒரு லைட்டர் வாங்கி வந்தான். அந்த வண்டியில் இருந்த நாற்பது டையின் முனையையும் ஒவ்வொன்றாகச் சுட்டு மழுக்கி, கை படாத பக்கமாகத் திருப்பிவிட்டான். அதற்குப் பிறகு அவன் எங்கே எதைக் கட்டினாலும் அப்படித்தான். வீட்டில் டிவிக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், அவள் படிக்கிற விளக்கின் ஒயரில், எங்கே தடவினாலும் முனை கூழாங்கல் போல இருக்கும்.

சிகரெட்டைத் தொடாத மனுஷன் பையில் எதற்கு லைட்டர் என்று குதிரைக்காரியின் அக்கா ஒருமுறை விசாரணையே வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் குரல் இறங்கிவிட்டது. "குடுத்து வெச்சவடி நீ. எங்க வீட்டு மகாராஜா கொடிக்கயிறு கட்டினார்னா துணியோட சேர்ந்து நானும் விழறேன்."

குதிரைக்காரி மட்டும் டை கட்டினால் அவசரத்தில் வெட்டி அப்படியே விட்டுவிடுவாள். 'மேடம் கட்டின இடம் முள்வேலி' என்று டெஸ்ட் ரூமில் கேலி செய்வார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போட்டிக் கம்பெனி நூற்றைம்பத்தெட்டு என்று விளம்பரம் விட்ட வாரம், இவர்களுடைய புது வண்டியும் கிட்டத்தட்டத் தயாராக இருந்தது. குதிரைக்காரி அளந்ததில் நூற்றைம்பத்தைந்து. விற்பனைப் பிரிவின் தலைவருக்குத் தூக்கம் போயிற்று. அவரைப் பின்னால் எல்லோரும் தம்பட்டம் என்றுதான் சொல்வார்கள், வாயைத் திறந்தால் அதுதான். ஆனாலும் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். எதிராளியின் காரைக் காசு கொடுத்து வாங்கிவந்து, இரண்டையும் ஓட்டிப் பாருங்கள் என்று விட்டார்.

பஞ்சு ஓட்டினான். பக்கத்து சீட்டில் குதிரைக்காரி ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்தாள். அந்த மூன்று நாளை அவள் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்தாள். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எதிராளிக்கு ஒன்பதே முக்கால் வினாடி, இவர்கள் வண்டிக்கு ஒன்பது. ஏற்றத்தில் அவன் வண்டி மூச்சு வாங்கி இரண்டாவது கியருக்கு இறங்கியது. இவர்கள் வண்டி மூன்றிலேயே பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது.

"அவன் நூத்தம்பத்தெட்டு எப்ப வருது தெரியுமா? எஞ்சின் ஆறாயிரம் சுத்துல கதறும்போது வருது," என்றான் பஞ்சு. "எந்த மனுஷன் ஆறாயிரம் வரைக்கும் மிதிக்கறான்? நம்மது ரெண்டாயிரத்துலயே இழுக்குது. எடை வேற தொண்ணூறு கிலோ கம்மி. கியரை அமைச்சவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும். குதிரை எத்தனைன்னு எல்லாரும் கேக்கறானுங்க. அது எத்தனை மூட்டை சுமக்குதுன்னு ஒருத்தன் கேக்கறதில்ல."

"நம்பர் வெறும் ஜம்பம்ங்க," என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள்.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போய் தம்பட்டத்திடம் கொடுத்தாள். அவர் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை.

"மேடம், எடையை எவன் கேக்கறான்? பையனுக்குப் பொண்ணு பாக்கறவன் முதல்ல நிறத்தைத்தான் கேக்கறான், குணத்தையா கேக்கறான்? நாலு குதிரை மேடம். நாலே நாலு. அங்கங்க தட்டி ஏத்திக் குடுங்க."

"சந்தையில வாங்கிட்டு வாங்க சார், கட்டி வைக்கறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

பத்து நாள் கழித்து எஞ்சின் பிரிவினர் காற்று வடிகட்டுகிற பெட்டியைக் கொஞ்சம் அகலமாக மாற்றிக் கொண்டுவந்தார்கள். மறுபடி அளக்க வேண்டும். பார்த்து அந்த வாரம் டெஸ்ட் ரூமின் ஏசி படுத்துவிட்டது. இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லியாக வேண்டும். சூடான காற்று மெலிந்த காற்று. அதை இழுக்கிற எஞ்சினுக்குத் தெம்பு குறையும். வெயில் நாளில் அளந்த எஞ்சினுக்கு அநியாயம் ஆகிவிடக் கூடாதே என்று, உள்ளே போகிற காற்றின் சூட்டை ஒரு சென்சார் அளக்கும். சூட்டால் எத்தனை குதிரை குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டு அதைத் திருப்பிச் சேர்த்துக்கொள்வார்கள். நியாயமான ஏற்பாடுதான், சென்சார் நியாயமாக இருக்கிற வரைக்கும்.

அன்றைக்கு சென்சார் நாற்பத்துமூன்று டிகிரி காட்டியது. சுவரில் அவளே மாட்டிவைத்த பழைய தெர்மாமீட்டர் ஒன்று உண்டு. வழக்கமாக இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாள். அன்று பார்க்கத் தோன்றவில்லை. முதுகில் வியர்வை வழிகிறவளுக்குச் சூட்டைப் பற்றி இன்னொரு சாட்சி எதற்கு? கணக்கு முடிந்து வந்த எண் நூற்றைம்பத்தொன்பது.

அவளுக்கு நெஞ்சில் ஒரு நெருடல். பெட்டியை அகலப்படுத்தினால் ஒரு குதிரை வரும், மிஞ்சினால் ஒன்றரை. நாலு வருமா? தாளைக் கையெழுத்துப் போடாமல் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சாப்பிடும்போது பஞ்சுவிடம் கேட்டாள். மாற்றிய பெட்டியோடு வண்டியை அன்றைக்குத்தான் அவன் ஓட்டியிருந்தான்.

"எப்படிங்க இருக்கு? இழுக்குதா?"

"இழுக்குது," என்றான் அவளை நேராகப் பார்த்து. "மூணாவது கியர்ல நல்லாவே தெரியுது."

வண்டியைப் பற்றி பஞ்சு தப்பாக ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. நூறு எந்திரம் சொல்லாததை அவன் உட்கார்ந்த இடமும் உள்ளங்காலும் சொல்லிவிடும். மறுநாள் காலை முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டாள்.

வண்டி வெளியே வந்தது. ஊரெல்லாம் விளம்பரப் பலகை. அதில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவன் பஞ்சு. 'எங்கள் டெஸ்ட் டிரைவரின் தேர்வு' என்று மேலே எழுதி, கீழே ஆள் உயரத்துக்கு 159. வாடகைக்கு ஒரு நடிகனை வைக்காமல் நிஜ டிரைவரை வைத்தார்களே என்று குதிரைக்காரிக்குத் தம்பட்டத்தின் மேல்கூடக் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போது பலகை வரும் பக்கமாகப் பார்த்து உட்காருவாள். அக்கா போன் செய்தாள். "உன் வீட்டுக்காரர் மூஞ்சி எங்க தெருமுனையில ரெண்டு மாடி உயரத்துக்கு நிக்குதுடி. காலையில பால் வாங்கப் போனா என்னையே பாத்து சிரிக்கறார். தலை சீவாம வெளிய போக முடியல."

எதிராளி சும்மா இருப்பானா? நூற்றைம்பத்தொன்பது வர வழியே இல்லை என்று அரசாங்கத்துக்குப் புகார் எழுதிப் போட்டான். பரிசோதனைத் துறையிலிருந்து ஒரு அதிகாரி நேரில் வருவார், அவர் கண் முன்னால் எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. "வரட்டும் சார். என் நம்பர் எங்கயும் ஓடிப்போகாது," என்று தம்பட்டத்திடம் சொன்னாள் குதிரைக்காரி. அவர் விசித்திரமாகச் சிரித்தார். பெருமையில் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் எஞ்சினைத் தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஏசி சரியாகி வெகு நாளாயிற்று. ரூம் குளுகுளுவென்று இருந்தது. சுவர்த் தெர்மாமீட்டரில் இருபத்திரண்டு, சென்சாரிலும் இருபத்திரண்டு. எஞ்சின் ஓட ஓட சென்சார் ஏறியது. இருபத்தாறு. முப்பது. முப்பத்துமூன்று. சுவரில் அதே இருபத்திரண்டு. ஏசி கெட்ட வாரத்துக்குப் பிறகு இந்த எஞ்சினை அவள் ஓட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எஞ்சினை நிறுத்தி, ஆறும்வரை காத்திருந்து, டார்ச்சோடு உள்ளே போனாள். காற்று இழுக்கிற குழாயின் வாயில் இருக்க வேண்டிய சென்சார் அங்கே இல்லை. அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது ஒரு இரும்புத் தகட்டுக்குப் பின்னால் வளைந்து போய், நெருப்பாகக் கொதிக்கிற புகைக்குழாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நினைக்கிற பிள்ளை தெர்மாமீட்டரைச் சூடான டீயில் முக்கிவிட்டு, காய்ச்சல் என்று காட்டுவதில்லையா, அதே வேலை. இல்லாத காய்ச்சலைக் காட்டி, குறையாத குதிரைகளைக் குறைந்ததாகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

தம்பட்டத்தின் ஆட்கள்தான் என்று அவளுக்கு ரத்தம் கொதித்தது. டையை வெட்டுவதற்காகத் தகட்டுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினாள். கீறவில்லை. முனை உருண்டையாக, சுட்டு மழுக்கி, சுவர்ப் பக்கமாகத் திருப்பியிருந்தது.

அந்த மேடையின் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டாள். ரூமுக்கு இரண்டே சாவி. ஒன்று அவள் கைப்பையில், மற்றது வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில். திருட்டு வேலை செய்கிற அவசரத்திலும் அவள் கை கிழிந்துவிடக் கூடாதே என்று ஒருவன் நின்று நிதானமாக முனையைச் சுட்டிருக்கிறான். இதற்கு அழுவதா, சிரிப்பதா? அன்பிலும் குறை வைக்கவில்லை, துரோகத்திலும் குறை வைக்கவில்லை. இரண்டையும் ஒரே டையில் கட்டியிருக்கிறான் பாவி. அவள் அதை வெட்டவில்லை. ஒன்றையும் தொடாமல் ரூமைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் பஞ்சு வந்தபோது அவள் சமையலறை மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணீருக்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று.

"லைட்டரைக் கொஞ்சம் குடுங்க."

"ஏன், அடுப்பு பத்தலையா?" எடுத்துக் கொடுத்தான்.

அதை மேசையில் வைத்தாள். "சென்சாரைப் புகைக்குழாய் பக்கத்துல கட்டினது நீங்கதான்."

"யார் சொன்னா?"

"முனை சொல்லுச்சு."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பத் தயாராக இருந்தாள். அவன் சொல்லவில்லை.

"நாலு குதிரைடி," என்றான் கடைசியில். "ஓட்டறவனுக்கு அது தெரியுமா? எனக்கே தெரியாது. நீயே எத்தனை வாட்டி சொல்லியிருக்கே, நம்பர் வெறும் ஜம்பம்னு. அந்த ஜம்பத்துல இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். யார் குடி முழுகிப் போச்சு?"

"நம்பர் ஜம்பமா இருக்கட்டும். அளந்தது நான். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்னு உங்களுக்குத் தெரியாதா? அதுலயா கையை வெப்பீங்க?"

"தம்பட்டம் சொன்னான்..."

"நம்ம வண்டி ஜெயிச்ச வண்டிங்க. நீங்கதான் ஓட்டி ஜெயிச்சீங்க, நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். பொய்யே தேவைப்படல. அப்புறம் எதுக்கு?"

அவன் லைட்டரை எடுத்து உருட்டினான், திரும்ப வைத்தான். "பதினெட்டு வருஷமா ஹெல்மெட்டுக்குள்ள இருக்கேன். வண்டி நல்லா வந்தா எஞ்சினியருக்குப் பேரு. மோதினா டிரைவருக்குப் பேரு. ஒரு பய என் மூஞ்சியைப் பாத்ததில்ல. எதிராளியைவிட நம்பர்ல ஒண்ணு கூட வந்தா போஸ்டர்ல நீதான்னு தம்பட்டம் சொன்னான். ஆசை வந்துடுச்சு. அவ்வளவுதான்."

போஸ்டர் ஆசை. வீட்டை விற்றான், நகையை விற்றான் என்றால்கூட ஒரு கணக்கு இருக்கும். இவன் பெண்டாட்டியின் கையெழுத்தை ஒரு தகரப் பலகைக்கு விற்றிருக்கிறான்.

"நான் உங்களைக் கேட்டேன்," என்றாள் அவள். "சந்தேகமா இருந்துதுன்னுதான் கேட்டேன். இழுக்குதான்னு கேட்டேன். என் கண்ணைப் பாத்து, மூணாவது கியர்ல தெரியுதுன்னு சொன்னீங்களே."

அவன் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டான். நாளைக்குக் காலையில் ஏழு மணிக்கே போய், தானே அவிழ்த்துப் பழைய இடத்தில் கட்டிவிடுவதாகச் சொன்னான். "நூத்தம்பத்தஞ்சுன்னு வரட்டும். தம்பட்டத்துக்கிட்ட நான் பேசிக்கறேன். நீ மட்டும் என் பேரை எடுக்காதே."

அவள் யோசித்தாள். தன் ரூமில் நடந்ததைத் தானே மறைப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் பதினேழு வருஷக் குடித்தனம். "நீங்க கட்டினதை நீங்களே அவுத்துட்டா, யார் கட்டினாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றாள். ஆணியில் தொங்கிய சாவியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள்.

காலையில் அவள் கண் விழித்தபோது அவன் கிளம்பிப் போயிருந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்று அவளுக்குப் பாதி பாரம் இறங்கியது.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர். கொடுத்த காபியைக் குடிக்கவில்லை, தன் பேனாவைத் தானே கொண்டுவந்திருந்தார். தம்பட்டம் பஞ்சுவையும் கையோடு கூட்டிவந்து, "போஸ்டர்ல பாத்திருப்பீங்களே சார், இவர்தான்," என்று அறிமுகம் செய்துவைத்தார். எல்லோரும் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். குதிரைக்காரி திரும்பிப் பஞ்சுவைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையை ஆட்டினான். ஆச்சு என்று அர்த்தம். அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

எஞ்சினைக் கிளப்பினாள். சுவரில் இருபத்திரண்டு, சென்சாரில் இருபத்திரண்டு. சுற்று ஆயிரத்தைத் தாண்டியது, இரண்டாயிரத்தைத் தாண்டியது. அவள் சென்சாரின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்து மூன்று.

எஞ்சின் சூட்டுக்கு ஒரு டிகிரி ஏறுவது சகஜம்தான் என்று மனசுக்குச் சொன்னாள். இருபத்தைந்து. அவள் கழுத்துக்குப் பின்னால் பஞ்சு நிற்பது தெரிந்தது. அவன் மூச்சு விடுவதுகூடத் தெரிந்தது. இருபத்தெட்டு. முப்பத்தொன்று. அவள் புருஷன் காலையில் ஏழு மணிக்கு எங்கே போகவில்லை என்பதை எந்திரம் ஒவ்வொரு டிகிரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

முப்பத்துமூன்றில் எஞ்சினை நிறுத்தினாள்.

"என்ன மேடம், என்ன ஆச்சு?" என்று தம்பட்டம் பதறினார்.

"சென்சார் தப்பான இடத்துல இருக்கு," என்று சொல்லிவிட்டு, கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆறும்வரை காத்திருக்கவில்லை. டையை வெட்டி ஒயரை உருவும்போது புறங்கை புகைக்குழாயில் பட்டுப் பொரிந்தது. சென்சாரைக் காற்றுக்குழாயின் வாயில், அது இருக்க வேண்டிய இடத்தில், கட்டினாள். வெட்டிய டையை அதிகாரியின் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

அதிகாரி அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "யார் அங்கே கட்டினது?"

பின்னால் நிற்கிறவன் வாய் திறக்கட்டும், இப்போதாவது திறக்கட்டும் என்று அவள் கும்பிடாத குறையாகக் காத்திருந்தாள்.

பஞ்சு வாயைத் திறந்தான்.

"அது மேடத்தோட ரூம் சார்," என்றான், தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு. "அவங்களைத் தவிர யாரும் உள்ள போறதில்ல."

அலுவலகத்தில் அவன் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான், அது அவர்கள் இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட வழக்கம். அந்தச் சொல் இவ்வளவு தூரத்திலிருந்து வரும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

மறுபடி எஞ்சினை ஓட்டினாள். சென்சார் இருபத்து மூன்றைத் தாண்டவில்லை. நூற்றைம்பத்தைந்து புள்ளி எட்டு. அகலப் பெட்டிக்குக் கிடைத்தது முக்கால் குதிரை. அதிகாரி குறித்துக்கொண்டு, பழைய சான்றிதழை அவள் முன்னால் வைத்தார். "இதுல நூத்தம்பத்தொன்பதுன்னு உங்க கையெழுத்து இருக்கு. விளக்கம் எழுதிக் குடுங்க."

எழுதினாள். புறங்கை எரிந்தது, ஆனாலும் எழுத்து கோணவில்லை. முன்பு கொடுத்த எண் தவறு. சென்சார் இருந்த இடத்தை நான் சோதிக்கவில்லை. எண்ணின் மேல் சந்தேகம் வந்தும், டெஸ்ட் டிரைவரின் சொல்லை நம்பிக் கையெழுத்திட்டேன்.

அதிகாரி கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். "பதினெட்டு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. ஒரு டிரைவர் வாயால சொன்னார்னு இவ்வளவு பெரிய சான்றிதழ்ல கையெழுத்துப் போடுவீங்களா? எந்த விதியில இருக்கு அது?"

"விதியில இல்ல சார்," என்றாள் அவள். "அவர் என் வீட்டுக்காரர்."

அதிகாரி பேனாவை மூடவில்லை. மேசையில் கிடந்த டையை எடுத்து அந்த உருண்டை முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு பஞ்சுவைப் பார்த்தார். தம்பட்டத்துக்கு அன்றைக்கு முதல் தடவையாகப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. பஞ்சு தலையைத் தூக்கவே இல்லை. ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு நிற்கிற முகம், எட்டடிக்கு எட்டடி ரூமில் வைக்க இடமில்லாமல் தவித்தது.

விசாரணை முடிகிற வரைக்கும் டெஸ்ட் ரூமுக்கு அவள் வர வேண்டாம் என்று மூன்று மணிக்கு உத்தரவு வந்தது. சாவியைக் கொடுத்தாள். இன்னொன்று எங்கே என்று கேட்டார்கள். டிரைவரிடம் இருக்கிறது என்றாள்.

வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக அவள் படிக்கிற விளக்கைப் பின்னறைக்கு மாற்றப் போனாள். இனி அங்கேதான் படுக்கை. விளக்கின் ஒயர் கட்டில் காலோடு மூன்று இடத்தில் கட்டியிருந்தது. ஒவ்வொரு முனையாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றுகூடக் கீறவில்லை. இத்தனை வருஷத்தில் ஒன்றாவது, ஒரே ஒன்றாவது கீறியிருக்கலாம். கொஞ்சம் ஜாக்கிரதையாகவாவது இருந்திருப்பாள். அப்போதுதான் அழுகை வந்தது. நின்ற வாக்கில், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூன்றையும் கத்தரியால் வெட்டி எறிந்தாள். விளக்கைப் பின்னறையில் வைத்து, ஒயரை ஜன்னல் கம்பியில் புது டையால் இறுக்கிக் கட்டி, மிச்சத்தைச் சரக்கென்று வெட்டினாள். முனை பிளேடு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில் நேற்று வைத்த இடத்திலேயே லைட்டர் கிடந்தது. அவள் அதைப் போய் எடுக்கவில்லை.